முயல் வராத பாரிவேட்டை

தை 25, வெள்ளி

காலையில் நல்ல பனி. களத்தில் கொத்தமல்லி நனைந்து கிடக்கிறது. வெயில் ஏறின பிறகுதான் தட்ட முடியும்.

ஜோதி இன்று மலைக்குப் போகிறாள். மகன் வயிற்றுப் பேத்தி. அருப்புக்கோட்டை காலேஜில் இரண்டாவது வருசம். ஊர் இளைஞர் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். பையன்கள் கபடி ஆடுவார்கள், மனு எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்கள். அதனால் இவள்.

மேற்கே மலையில் புலிகள் காப்பகம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து வனத்துறை அழைப்பு. (இனி வ.து. கை வலிக்கிறது.) மன்றத்துப் பிள்ளைகள் எல்லாரும் காட்டிலேயே தங்கி முகாம். முன்பெல்லாம் ஜீப் வரும், கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டும், போகும். ஆடு தின்றுவிடும். இந்தத் தடவை ஒரு பாரஸ்ட் மேடம் பொங்கல் கபடிக்கே வந்தார். கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். நம் ஊர் தோற்றபோது நடுவரைத் திட்டினார். அப்போதே பிள்ளைகள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

ஜோதி பையில்: கம்பளி, டார்ச், தலைவலித் தைலம், கடலை மிட்டாய், அதிரசம். அதிரசம் வேண்டாம் என்றாள். அடியில் வைத்துவிட்டேன்.

பஸ் ஏறும்போது என் கொழுந்தன் அழகர்சாமி கேட்டார், "ஏத்தா, புலி பாத்தா என்ன செய்வ?"

"செயலாளர்னு சொல்லுவேன் சின்னத்தாத்தா."

பஸ்ஸே சிரித்தது.

தை 28, திங்கள்

வந்துவிட்டாள். முகம் கறுத்து, குரல் கட்டி. அதிரசம் மேடமே தின்றாராம். கைப்பக்குவம் கேட்டாராம்.

புலி பார்க்கவில்லை. புலியின் கால்தடம் பார்த்தார்களாம். அதைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கொண்டார்களாம், சாமி பார்த்த மாதிரி. சாம்பல் நிற அணில் பார்த்தார்களாம், நம் வீட்டுப் பூனை பெருசு. நம்பினேன்.

மேடம் கடைசி நாள் சொன்னது: "மலையில இருக்கிறத நாங்க பாத்துக்கிடுறோம். உங்க ஊரு காட்டுல என்ன இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க." சொல்லி ஒரு கேமராவும் கொடுத்து விட்டிருக்கிறார். மரத்தில் கட்டிவிட்டால் போதும், எது கடந்து போனாலும் தானாகப் படம் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் என்ன காடு. சீமைக்கருவேலமும் கரிசலும். ஆனாலும் என் பேத்தியை நம்பித்தானே கொடுத்திருக்கிறார். ரேசன் கடை வரிசையில் நான்கு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆள் தானாகவே கேட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது ஜோதி மெல்ல ஆரம்பித்தாள். சிவராத்திரிக்கு மறுநாள் பாரிவேட்டை, ஊர் ஆண்கள் கூடிப் போய்ச் சாமிக்கு முயல் அடித்து வருவது. இந்த வருசம் முயல் அடிக்கக் கூடாதாம்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மாசி 4, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. மல்லி மூட்டை கட்டியாயிற்று. மகனுக்கு இடுப்புப் பிடிப்பு.

கண்மாய்க் கரையில் கட்டின கேமராவை இன்று கழற்றினார்கள். மன்றத்துப் பிள்ளைகள் எல்லாம் நம் வீட்டு வாசலில். முதல் படத்தைப் பார்த்ததும் ஒருத்தன் தரையில் விழுந்து சிரித்தான்.

முயல் இல்லை. நரி இல்லை. கொழுந்தன் அழகர்சாமி. கையில் சொம்போடு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, கருவேல மரத்தடியில்.

அந்த நேரம் பார்த்து அவரே வந்து நிற்கிறார்.

"மதினி, என்ன மதினி இது! மனுசன் ஒதுங்குறதக்கூடப் படம் பிடிக்கச் சொல்லுதா கவர்மெண்டு? வேட்டைய நிறுத்தணுமாமே, வேட்டைய! இந்த வருசம் ஒத்த முயலு விடமாட்டேன். பாத்துக்கிடுங்க."

வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுக்களையில் நின்று சிரித்துத் தீர்த்த பிறகுதான் பயம் வந்தது. பாரிக்கு முன்னால் போகிறவர் அவர். முதல் கம்பு நம் வீட்டுக் கம்பு. வீட்டுக்காரர் இருந்தவரை அவர் எடுத்துப் போனார், அப்புறம் தம்பி. வாசலில் நின்று எடுத்துக் கொடுப்பது இந்த வீட்டுப் பெண். அது நான்.

சாயங்காலம் ஜோதி அவர் வீட்டுக்கே போய் அவர் முன்னாலேயே படத்தை அழித்திருக்கிறாள். "தப்புத்தான் சின்னத்தாத்தா. எங்க கட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் முறைத்தாராம். "மல்லிக்காட்டு வரப்புல கட்டு. கரையில கட்டுனா நாந்தான் வருவேன்."

மாசி 8, வியாழன்

ஊர்க்கூட்டம். கோயில் முன்னால். ஆண்கள் முன்னே, நாங்கள் பின்னே வேப்பமரத்தடியில். மத்தியானம் சமைக்கவில்லை, காலைப் பழையதுதான். மனசு ஓடவில்லை.

ஜோதி எழுந்து பேசினாள். முயல் அடித்தால் கேஸ் என்று மட்டும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வருசா வருசம் மறைத்துச் செய்கிறோம். அவள் சொன்னது வேறு. பாரி போகட்டும். கொம்பு ஊதட்டும். முதல் கம்பு முன்னால் போகட்டும். வலையும் நாயும் மட்டும் வீட்டில் இருக்கட்டும். முயலைக் கண்டால் படம் பிடித்துக்கொண்டு வருவோம்.

"சாமிக்கே படங்காட்டப் போறியாத்தா?" என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு.

"மழை பெய்யலைன்னா யாரு பொறுப்பு?" என்று இன்னொருத்தர்.

"முயல் அடிச்ச வருசமெல்லாம் மழை பெஞ்சதா பெரியப்பா?"

சிலருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. பொட்டப்பிள்ளை பேச்சு என்று யாரோ முனகினார்கள். அவள் விடவில்லை. "ஒத்த முயல் செத்து வந்தாலும் நான் செயலாளரா இருக்க மாட்டேன். மலையில குடுத்த கேமராவத் திருப்பிக் குடுத்துருவேன். மேடம்ட்ட எங்க ஊரால முடியலன்னு நானே சொல்லிருவேன்."

இதை வீட்டில் சொல்லவே இல்லை கழுதை.

கொழுந்தன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கு என்ன வந்ததோ. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. எழுந்துவிட்டேன்.

"மொதக் கம்பு எங்க வீட்டுலருந்துதான போகுது? வலையும் நாயும் போச்சுன்னா கம்பு வாசப்படி தாண்டாது. நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ராமாத்தாள் தண்ணீர் கொடுத்தாள். "ஏக்கா, இந்த வாய எங்க வச்சிருந்தீக இத்தனை நாளு?" என்றாள்.

ஊர் ஒத்துக்கொண்டது. இந்த ஒரு வருசத்துக்கு மட்டும் பார்ப்போம் என்று.

மாசி 9, வெள்ளி

வரப்புக் கேமராவில் முயல் விழுந்திருக்கிறது. அறுப்பில் விடுபட்டு நின்ற மல்லித்தழையை உட்கார்ந்து தின்கிறது. காது இரண்டும் விறைப்பாக. நம் மல்லி. தின்னட்டும்.

கொழுந்தன் செல்லை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓடிப் பாத்திருக்கேன் மதினி. வலையில கிடந்து பாத்திருக்கேன். இப்பிடிச் சாவகாசமா உக்காந்து திங்கிறத இன்னைக்குத்தான் பாக்கேன்."

செல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். காப்பி கூடக் குடிக்கவில்லை.

கொசுவர்த்தி வாங்க வேண்டும். சீனி தீர்ந்தது.

மாசி 14, புதன். சிவராத்திரி

விரதம். வாய் கசக்கிறது. கோயிலில் மைக் செட் காலையிலிருந்து.

மூலையிலிருந்த கம்பை எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, மஞ்சள் பூசி வைத்தேன். ஜோதி போனில் மேடத்திடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். மேடம் வரமாட்டாராம். "நான் வந்தா எனக்குப் பயந்து நின்ன மாதிரி ஆயிரும். இது உங்க ஊரு பாரி" என்றாராம். விவரமான பொம்பளை.

நாய்களைக் கட்டச் சொல்லி மன்றத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போனார்கள். ராமாத்தாள் வீட்டு ராஜாவுக்கு மட்டும் சங்கிலி இல்லை. பழைய கயிறு. "இது போதும்டா, எங்க ராஜா சாது" என்றாளாம்.

ராஜா சாது. போன பாரிக்கு அது பிடித்ததுதான் பெரிய முயல்.

மாசி 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் கொம்பு ஊதினார்கள். வாசலில் சூடம் காட்டி, கம்பை எடுத்துக் கொடுத்தேன். கொழுந்தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். தலைப்பாகை புதுசு. வலை இல்லை, நாய் இல்லை. தோளில் கம்பு, சட்டைப் பையில் செல். ஊர்ப் பையன்கள் எல்லாம் பின்னால். பெண்கள் பாரிக்குப் போகும் வழக்கமில்லை, ஜோதி வாசலிலேயே நின்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டு.

பாரி கண்மாயைத் தாண்டியிருக்கும். ராமாத்தாள் கத்துகிறாள். "ஏத்தா, ராஜா அத்துக்கிட்டு ஓடிருச்சே!"

ஜோதி செருப்பில்லாமல் ஓடினாள். வழக்கமாவது ஒன்றாவது. கரை ஏறி மறைந்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். நல்ல வெயில் ஏறினபோது தெருக்கோடியில் கொம்புச் சத்தம். எல்லாரும் ஓடினோம்.

தூரத்தில் கொழுந்தன் முன்னால் வருகிறார். தோளில் ஏதோ தொங்குகிறது. நான்கு கால். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.

ஜோதியைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால் வருகிறாள், தலை தெரிகிறது, முகம் தெரியவில்லை. முயல் இவ்வளவு பெருசாகவா இருக்கும், மான் கீன் அடித்துவிட்டார்களா என்று ராமாத்தாள் வேறு.

கிட்டே வந்த பிறகுதான் வால் ஆடியது.

ராஜா! கொழுந்தன் தோளில் மாலை மாதிரி கிடக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு, ஊர்வலம் வருகிறது.

முயலைக் கண்டு ராஜா பாய்ந்திருக்கிறது. கொழுந்தன் கம்பைப் போட்டுவிட்டு ராஜா மேல் பாய்ந்திருக்கிறார். இரண்டு பேரும் முள்ளுக்குள் உருண்டிருக்கிறார்கள். முயல் அந்தப் பக்கம் போய்விட்டது. முழங்கை எல்லாம் சிராய்ப்பு. வேட்டி கிழிசல்.

"ஏலே, பாரிக்குப் போயி நாயப் பிடிச்சிட்டு வந்த மொத ஆளு நீதாண்டா!" என்று அவர் வயசுச் சோட்டுக்காரர் ஒருத்தர்.

"பிடிச்சுப் பாருலே. முயலு லேசு."

கோயில் வாசலில் பூசாரி கம்புக்கு விபூதி போட்டார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். "போயிட்டு வந்துட்டீகள்ல. அது போதும் சாமிக்கு" என்றார். ராஜா நெற்றியிலும் கொஞ்சம் பூசிவிட்டார். முயலைப் படம் எடுத்தது யாரென்று பார்த்தால், ஜோதி. ஓடும் முயலின் பின்பக்கமும் ஒரு காதும். கலங்கலாக. ஊரே வாங்கிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனாள். சத்தத்தையே காணோம். போய்ப் பார்த்தால், அம்மிக்கு முன்னால் நிற்கிறாள்.

அம்மியில் மசாலா. கரகரப்பில்லாமல், பந்து மாதிரி உருட்டி.

நான்தான். பாரி நாளில் ஆண்கள் திரும்புவதற்குள் அரைத்து வைப்பது இந்த ஊர்ப் பழக்கம். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேனே, அப்போது கை தானாக அரைத்திருக்கிறது. சத்தியமாக நினைப்பில்லை.

"அப்பத்தா. இது எதுக்கு?"

"கத்தரிக்காய்க்கு."

"கத்தரிக்காய்க்குப் பட்டை கிராம்பா? கசகசாவா?"

கூட்டத்தில் அவ்வளவு பேசினவள்தான், கூடையில் கத்தரிக்காயைத் தேடினேன். அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு விரலால் மசாலாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நான் கூட நம்பல அப்பத்தா, அந்த ராஜா ஓடினப்ப" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் தெருவுக்கு வந்தோம். ராமாத்தாள் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். எதிர் வீட்டு மிக்சி அப்போதுதான் நின்றது. தெரு முழுக்க அரைத்து வைத்திருக்கிறது! மத்தியானம் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு வாசம். உள்ளே சில வீட்டில் கத்தரிக்காய், சில வீட்டில் முட்டை.

கொழுந்தன் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். "மதினி, கறி எங்கன்னுதான் தெரியல. மத்தபடி ஒரு குறையுமில்ல."

மாசி 17, சனி

மேகமூட்டம். மழை இல்லை. இருந்தாலும் கண்டவர்களிடம் எல்லாம் மேகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேடம் வந்தார். ஜோதி கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த முகாம் மலையில் இல்லையாம், நம் ஊர்க் கண்மாயிலாம். பாலவனத்தம், எம்.ரெட்டியபட்டி மன்றத்துப் பிள்ளைகள் எல்லாம் இங்கே வருகிறார்கள், நம் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள். ராஜாவுக்குச் சங்கிலி வாங்கி வந்திருந்தார். ராமாத்தாளுக்கு வெட்கம்.

கொழுந்தன் மேடத்திடம் முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினார். கேட்காமலே.

மேடம் போன பிறகு வேறு ஊர் மன்றத்துப் பிள்ளை ஒன்று ஜோதிக்குப் போன் செய்தது. அவர்கள் ஊரிலும் பாரி உண்டாம். பெரியவர்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டதாம்.

"நான் பேசினது பாதிதான். மீதி எங்க அப்பத்தா. வேணும்னா கூட்டிட்டு வாரேன்" என்று சொல்கிறாள். நான் அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். கேஸ் அடுப்பு.

போனால் மைக்கில் பேசச் சொல்வார்களோ. பச்சைச் சேலையா, அரக்கா. அரக்கில் கரை கொஞ்சம் விட்டிருக்கிறது, தைக்கக் கொடுக்க வேண்டும். நாளைக்கே.