பாக்கெட்டின் பின்பக்கம்

ஜூன் 9, திங்கள்
இன்று கடையில் மானம் போயிற்று. "கொழுப்பே இல்லாத சிப்ஸ் டீச்சர், நானும் இதுதான் திங்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தொப்பைமேல் இருந்த சட்டைப் பொத்தான் தெறித்து டீச்சரின் பைக்குள் விழுந்தது. ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கச் சிரித்திருக்கும்.

ஜூன் 11
மகள் அஸ்வதிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததிலிருந்து, எதைத் தின்றாலும் முதலில் இன்சுலின் ஊசி. இடைவேளையில் வகுப்பே கூடி வேடிக்கை பார்க்கிறதாம், பட்டினி கிடக்கிறாள். கடைக்குப் புதிதாக வந்த சிறுதானிய பிஸ்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'சர்க்கரை சேர்க்காதது' என்று பச்சை எழுத்து, பக்கத்தில் இலைப் படம்.
"இதுல சீனியே இல்ல மக்கா. பிறகு ஊசி எதுக்கு?"
அவள் முகம் மலர்ந்ததே! நான்தான் டாக்டர்.

ஜூன் 24
சுகர் முந்நூற்றைத் தாண்டிவிட்டது. என் மனைவி ராஜஸ்ரீ, பிள்ளையின் பையைக் கொட்டித் தேடினாள். "எங்க பிள்ளே மிட்டாய ஒளிச்சு வச்சிருக்க?"
"ஞான் ஒண்ணும் தின்னில்லம்மா, சத்தியம்." படிப்பது மலையாளப் பள்ளிக்கூடம்; அழுதால் அவளுக்கு மலையாளம்தான் வரும்.
எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் மனசு கேட்காமல் அதே பிஸ்கெட் இன்னும் இரண்டு பாக்கெட் கொடுத்தேன். சீனி இல்லாததாயிற்றே.

ஜூன் 30
இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை?

ஜூலை 3
வாந்தி. மூச்சு இரைக்குது. ஆஸ்பத்திரி. கூப்பிட்டா கண்ணத் திறக்க மாட்டேங்கா — பகவதி, என்னை எடுத்துக்கோ. தொப்பையோட சேத்து எடுத்துக்கோ. அவள விட்டுரு.

ஜூலை 4
ஐ.சி.யூ. வாசல். என்ன தின்றாள் என்று டாக்டர் கேட்டார். பாக்கெட்டைக் காட்டினேன். திருப்பினார். பொடி எழுத்தில் மைதா, ஸ்டார்ச், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள்.
"உள்ள போனா இதெல்லாம் சீனி தன்னே சேட்டா. ஊசி வேண்டாம்னு ஆரு சொன்னது?"
பத்தொன்பது வருஷமாகப் பாக்கெட் அடுக்குகிறேன். முன்பக்கம் வாங்க வருகிறவர்களுக்கு, பின்பக்கம் சுவருக்கு. அதுதான் முறை. பின்பக்கம் நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 8
பிள்ளையை வார்டுக்கு மாற்றினார்கள். கடைக்குப் போய் முதலாளி அழகியநம்பி அண்ணாச்சியிடம், "இந்த பிஸ்கெட் நமக்கு வேண்டாம்" என்றேன்.
"நாம எழுதினதாடே? கம்பெனிக்காரன் எழுதினது. நல்லா ஓடுற சரக்கு."
இந்த வேலையை விட்டால் ஊசி வாங்குவது எப்படி? பாக்கெட் அடுக்கப் போனேன்.

ஜூலை 11, வெள்ளி
வீட்டுக்கு வந்துவிட்டாள். கொய்யாக்காய் கொடுத்தேன். அதையும் திருப்பிப் பார்த்தாள். "எழுத்து ஒண்ணும் இல்லியே அப்பா." மூன்று பேரும் சிரித்தோம்.
ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்த பிஸ்கெட் இப்பவும் கடையில உண்டா?"
"தீந்தாச்சு மக்கா."
காலையில் புதுப் பெட்டி வந்ததையும், பச்சை எழுத்து வெளியே தெரியும்படி நானே அடுக்கியதையும் சொல்லவில்லை.