அப்பாவின் கணனியை மந்தமாக்கியவள்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் துணிவு வராது. உங்கள் கணனியில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அதை மந்தமாக்கியது நான்.

முன்பக்கத்தில் ஒரு சதுரப் பொத்தான் இருந்ததே, நினைவிருக்கிறதா? அண்ணை கனடாவிலிருந்து அனுப்பிய நாள் முதல் அது உள்ளே அமுங்கியபடியே கிடந்தது. பக்கத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு வரும்போதே செத்துப்போயிருந்தது. அது எதற்கென்று உங்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்தால் முழு வேகம், வெளியே வந்தால் பாதி வேகம் என்று எனக்குச் சொன்னவர் நெல்லியடியில் கணனி வகுப்பு எடுத்த குகன்.

அந்தக் குகன்தான் தன் தாயோடு என்னைக் கேட்டு வந்தார். காணி அளந்து ஓய்வு பெற்ற நீங்கள், சாதகம் கணிக்க நீங்களே எழுதிய புரோகிராமில் அவ்வளவு பெருமை வைத்திருந்தீர்கள். போரில் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் ஜெனரேற்றரை ஓடவிட்டு எங்கள் இருவரின் பிறந்த நேரத்தையும் அவர்கள் கண்முன்னே தட்டினீர்கள். பத்துப் பொருத்தத்தில் மூன்று. அச்சடித்த தாளைக் கிழித்து அந்தத் தாயின் மடியில் வைத்தீர்கள்.

“நான் சொல்லேல்லை, கொம்பியூட்டர் சொல்லுது,” என்று சிரித்தீர்கள்.

குகனின் தாய் தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பினார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மூன்று மாதத்தில் குகன் வேறிடத்தில் தாலி கட்டினார். அந்தச் செய்தி வந்த காலையில், நீங்கள் கிணற்றடியில் நின்றபோது, பொத்தானை ஒருமுறை தட்டி வெளியே விட்டேன்.

நாலு நிமிடத்தில் வந்த சாதகம் எட்டு நிமிடம் எடுத்தது. கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பார்த்த பார்வை எனக்கு இனித்தது, அப்பா. மூடியைக் கழற்றினீர்கள். தூரிகையால் தூசி தட்டினீர்கள். அட்டைகளை இழுத்தெடுத்து, அவற்றின் செப்பு விளிம்புகளைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தீர்கள். பழைய கோப்புகளை எல்லாம் அழித்தீர்கள், நீங்கள் ஆசையாகச் சேர்த்த காணிக் கணக்குகளையும். நான் பக்கத்தில் நின்று திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தேன். விளக்குக்கென்று அம்மா ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெயும் ஜெனரேற்றருக்குள் போனது.

ஒருநாள் நிமிர்ந்து என்னைக் கேட்டீர்கள். “பிள்ளை, உனக்கு ஏதும் பிடிபடுதே?”

“இல்லை அப்பா.”

கடைசியில் ஒரு புத்தகத்தில் கண்டுபிடித்தீர்கள். கணக்கை மட்டும் தனியாகச் செய்கிற சிப் ஒன்று உண்டு, அதற்கான இடம் உள்ளே வெறுமையாகக் கிடக்கிறது, கொழும்பில் வாங்கலாம் என்று. இரவில் சூடு விழுகிற கிளாலிக் கடலேரியால் கடக்க வேண்டாம் என்று அம்மா அழுதார். எனக்கும் பயம் வந்தது. சொல்லிவிடுவோம் என்று கேற்றடி வரைக்கும் பின்னால் வந்தேன். நீங்கள் திரும்பிச் சொன்னீர்கள்:

“உந்தச் சிப்பைப் போட்டனெண்டால் உன்ரை பொருத்தமும் ஒரு நிமிசத்திலை பாத்துடலாம்.”

சொல்லாமலே கேற்றைச் சாத்தினேன்.

உங்கள் பையைக் கொண்டுவந்து தந்தவர் உங்களோடு திரும்பி வந்த ஒரு பருத்தித்துறை வியாபாரி. வவுனியாவில் ஆமியின் சோதனையின்போது, வடக்குக்குக் கொண்டுபோகத் தடையான அந்தச் சிப் அகப்பட்டதாம். அதைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம், நீங்கள் மறுத்தீர்களாம். விசாரிக்க வேண்டும் என்று வெயிலில் ஒதுக்கி இருத்திவிட்டார்களாம்.

“குடுத்திட்டு வாங்கோ ஐயா எண்டு கெஞ்சினன், தங்கச்சி. இது இல்லாமல் என்ரை மெசின் ஓடாது எண்டு இருந்திட்டார்.”

மத்தியானம் நெஞ்சைப் பிடித்தீர்களாம். அங்கேயே எரித்துவிட்டார்கள். உங்கள் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, கரவெட்டியிலிருந்து ஒரு தாய் மகளின் சாதகத்துக்கு வந்தார். நான் பொத்தானை உள்ளே அமுக்கினேன். நாலே நிமிடம். குசினி வாசலில் நின்ற அம்மா, தாள் வெளியே வரும் சத்தத்தைக் கேட்டு, உங்களைத்தான் சொன்னார்:

“கொப்பர் இல்லாமல் இப்ப நல்லா ஓடுது, என்ன?”

அப்போதும் பொத்தானைப் பற்றி நான் சொல்லவில்லை. அம்மா யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று பின்னேரம் அண்ணைக்குக் கடிதம் எழுதச் சொன்னார். கண்ணில் வெண்படலம் விழுந்த அம்மா சொல்லச் சொல்ல, என் கையால்தான் எழுதினேன்: நீ அனுப்பின பழசுதான் கொப்பரைக் கொன்றது, இனி இந்த வீட்டுக்குக் கடிதம் போடாதை.

அண்ணை என் பெயருக்கு எழுதத் தொடங்கினார். புதிதாக வாங்க அவரிடம் வசதி இருந்ததாம், ஓடுகிறதுதானே என்று யாரோ பாவித்ததை வாங்கி அனுப்பினாராம். ஒவ்வொரு கடிதத்திலும் அதையே எழுதுகிறார். உங்கள் படத்தைப் பார்க்க முடியவில்லை, கழற்றி வைத்துவிட்டேன் என்று போன மாதம் எழுதியிருக்கிறார். வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தேன். இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா? இல்லை, அப்பா. அந்தத் தாயின் மடியில் கிடந்த தாளை இன்னும் காண்கிறேன். ஆனால் அண்ணை எனக்கு என்ன செய்தார்? இவ்வளவு கொடுமையை நான் யாரிடம் பழகினேன் என்று உங்களைக் கேட்டால், உங்களிடம் பதில் இருக்குமா?

திவசத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கப் போகிறோம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்று அம்மா கேட்டார். நான் எழுதியது இதுதான். அச்சகத்துக்குப் போகமுன் அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது இப்போது, நான்தான் வாசிக்க வேண்டும். உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், “எழுதி முடிச்சிட்டியே?” என்று.

வாசிக்கும்போது ஒரு வரியையும் விட்டுத் தாண்ட மாட்டேன், அப்பா. முதற் பிரதி அண்ணைக்குப் போகும்.

உங்கள் மகள்,
அண்ணையின் தங்கச்சி,
சுகந்தி
உடுப்பிட்டி