பொம்மை ரயிலுக்கு முட்டுக் கொடுத்த கதை

அட்டன், ஞாயித்துக்கெழமை

அன்பான அங்கம்மாவுக்கு மருதை எழுதுறது. நான் நல்லா இருக்கேன், ஒன் இருமல் நின்னுச்சா? நம்ம புள்ள காதுகுத்துக்கு வர முடியல, கோவிச்சுக்காத.

கிளப்புல நாலு தொரைமாரு பொம்மை ரயில் ஓட்டுறாங்க. ஆளுக்கொரு தண்டவாள மேசைய அவங்கவங்க பங்களாவுல செஞ்சு கொண்டாந்து ஒண்ணா சேக்கணும். ஒசரம் நாப்பது அங்குலம்னு பேச்சு. மூணு பேரு தண்டவாளம் வரைக்கும் அளந்திருக்காங்க. எங்க தொரை, சட்டைப் பொத்தானையே மாத்திப் போடுற ஆளு, பலகை வரைக்குந்தான் அளந்திருக்காரு. எங்க மேசை ஒசந்து நின்னதால, சேர்ற எடத்துல ரயில் முட்டிக் கவுந்துச்சு.

"ரயில் ஒரு சுத்து வந்தாத்தான் ஒனக்குக் காதுகுத்து லீவு"ன்னாரு தொரை.

"நம்ம மேசைக் கால அறுத்துரட்டுங்களா, தொரை?"

"என் மேசையத் தொடாத. அவங்க மேசைய ஒசத்து!"

தேயிலைப் பெட்டிப் பலகைய வெட்டிப் பன்னெண்டு காலுக்கும் முட்டுக் கொடுத்தேன். பொம்மை ரயிலு சுத்தி வந்த நேரம், கீழ நான் ஊருக்கு ஏற இருந்த நானுஓயா ரயிலு கூவிக்கிட்டுப் போயிருச்சு.

குளுருது, பழைய கம்பளிய அனுப்பு. புள்ள ரொம்ப அழுதுச்சா? அத மறக்காம எழுது.

மருதை