கெண்டைக்கால் வலி

அன்புள்ள அண்ணா,

உன் காலை எடுப்பதற்கு முன்னால் டாக்டர் என்னிடம், "எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். "போன மாசம்தான் ஆரம்பிச்சது" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மூன்று வருஷமாக நீ போனில் சொல்லிக்கொண்டிருந்தாய். "நாலு எட்டு வச்சா கெண்டைக்கால் இழுக்குதுடா." ஒவ்வொரு தடவையும், "வயசாகுதுல்ல, நட, சரியாயிடும்" என்று வைத்துவிட்டேன்.

கால் வலி என்று வருகிறவரின் பாதத்தில் ரத்தம் ஓடுகிறதா என்று நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்காத மாணவர்களை வார்டிலிருந்தே விரட்டுகிற ரத்தக்குழாய் சர்ஜன் நான். உன் பாதத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

நான் பொய் சொன்னபோது அண்ணி பக்கத்தில்தான் நின்றார்கள். காட்டிக்கொடுக்கவில்லை. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்கள்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. படித்துவிட்டுக் கூப்பிடு. உன் அறைக்கு வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தம்பி