பெரியவன் ஓட்டமும் அப்பன் திதியும்

ஆனி 9, ஞாயிறு

விடியும்போதே வெக்கை. மூணு மணிக்குக் கரண்ட் போச்சு. பாதி மாவு கிரைண்டரில், மீதி ஆட்டுக்கல்லில். தோள் விண் விண்ணென்று வலி. வல்லம் ரோட்டில் இட்லி வண்டி போட ஆறு ஆயிடுச்சு.

நைட் ஷிப்ட் விட்ட திருநெல்வேலிப் பசங்க மூணு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் பெரியவன் ஓடி வந்தான். அவன் வீடு ஸ்ரீபெரும்புதூரில். அங்கிருந்து ஒரகடம், திரும்பி ஸ்ரீபெரும்புதூர், மறுபடி ஒரகடம். போகும்போதும் வரும்போதும் என் வண்டிக்கு எதிர்ப்பக்கம். திரும்பிப் பார்க்கவில்லை.

"எலே, யாருலே அது? கம்பெனி பஸ்ஸ விட்டுட்டாரோ?"

"அப்பமே ஒருக்கா போனாரு. அவர் பின்னாடி பஸ்ஸு நாலு போயிட்டு."

"பாட்டி, ஒமக்குத் தெரிஞ்ச ஆளா?"

தெரியாது, சாப்ட்டு எழுந்திரு என்றேன்.

பெரியவன் தண்ணிக்கு டீக்கடைக்குப் போனான். என் குடம் பத்தடியில். அவன் கேட்கமாட்டான், நான் கொடுக்கமாட்டேன். அவங்கப்பா செத்த அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். கம்பெனி லைனில் அவனுக்கு மாத்து ஆள் இல்லையாம், சூப்பர்வைசர் விடலையாம். பாடி எடுத்து, சின்னவன் கொள்ளி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு வந்து வாசலில் நின்றான். நீலச் சட்டை. கழுத்தில் கம்பெனி அட்டை, அதைக்கூடக் கழட்டவில்லை. "இனிமே என் வூட்ல நீ கை நனைக்கக் கூடாது, சோறும் கிடையாது தண்ணியும் கிடையாது"ன்னேன். ஊரே கேட்டுச்சு. ரெண்டு வருஷம் ஆவப்போவுது.

ஆனி 19, புதன்

பேருக்கு ரெண்டு தூறல். உளுந்து வாங்கணும். வெந்தயம். சிலிண்டர் சொல்லணும்.

பெரியவன் பெண்டாட்டி ஜோதி வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணத்தில் அவள் அம்மா சாம்பாரைக் குறை சொன்னது வேறு கணக்கு.

"அத்தை, ஞாயித்துக்கிழமைல அவருக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க. அந்த ரோட்ல நிழலே இல்ல."

"டீக்கட கீதே."

"மாமா போனதுல இருந்து அவருக்குத் தூக்கம் இல்ல அத்தை. ஓடினாதான் தூங்கறாரு."

எனக்கும்தான் தூக்கம் இல்லை. நான் எந்த ரோட்டில் ஓடறது.

பெங்களூர் பக்கம் பந்தயமாம். எழுபத்தஞ்சு கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலே இடுப்பு போகிற தூரம். எட்டு மாசமாக அதுக்குத்தான் இந்த ஓட்டம். பனியன், ரயில் டிக்கெட், ரெண்டு நாள் லீவு, எல்லாம் கம்பெனியே கொடுக்குதாம். அப்பனைத் தூக்க லீவு இல்லை. ஓட லீவு.

கிளம்பும்போது சொன்னாள்: "இந்த வருஷம் தெவசத்துக்குக் கண்டிப்பா வர்றாரு அத்தை. ஆடி அஞ்சு, ஞாயித்துக்கிழமைதானே? பந்தயம் அதுக்கு அடுத்த ஞாயிறு. நல்லவேளை."

அவங்கப்பா போனது ஆடி அஞ்சுதான். ஆனால் தெவசம் திதிக்கு. தேய்பிறை சஷ்டி. இந்த வருஷம் அது ஆடி பன்னெண்டில் வருது, பந்தயத்தன்னிக்கு. போன வருஷம் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

திருத்தவில்லை. பெத்த அப்பன் திதி தெரியாதவனுக்கு நான் எதுக்கு எடுத்துச் சொல்றது.

ஆனி 30, ஞாயிறு

வெயில் கொளுத்துது. இட்லி சீக்கிரம் தீர்ந்துச்சு. சட்னி புளிப்பு, பொட்டுக்கடலை பழசு, கடைக்காரன் ஏமாத்திட்டான். நாளைக்கு அவனைக் கேட்கணும்.

பெரியவன் பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். எதிரில் வந்ததும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப்போச்சு. நான் பாத்திரம் தேய்த்தேன்.

திருநெல்வேலிப் பையன், "பாட்டி, தண்ணி எடுத்துக்கிடுதேன்" என்று என் குடத்தில் மொண்டுகொண்டு ஓடினான். வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடு என்றும் சொல்லவில்லை. பெரியவன் சொம்பைப் பார்த்தான். எங்க வீட்டுச் சொம்பு, அவனுக்குத் தெரியும். தலையில் ஊற்றிக்கொண்டான். ஒரு வாய் குடிக்கவில்லை.

"என்ன பாட்டி, விரதமா அவருக்கு?"

"எனக்கின்னா தெரியும்."

ஆடி 5, ஞாயிறு

மூட்டம். காத்து.

பெரியவன், ஜோதி ரெண்டு பேரும் காலையிலேயே வந்தார்கள். அவன் குளித்துவிட்டு வேட்டியில். கையில் வாழை இலை, பூசணி, பூ. நான் மாவுக் கையோடு.

"இன்னா இது?"

"அப்பாவுக்கு தெவசம்மா." ரெண்டு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இன்னிக்கு இல்ல. திதி அடுத்த ஞாயிறு."

ஜோதிக்குக் கண் கலங்கிடுச்சு. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அத்தை."

"நீ சொன்ன, நான் கேட்டுக்கினேன். நீ இன்னா என்னைக் கேட்டியா?"

பெரியவன் காலண்டர் கிட்டப் போய் விரல் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம். இலையை ஓரமாக வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டான்.

பெங்களூர்தான் போவான். போவட்டும். ஊரில் சொல்ல எனக்கு இன்னொன்று கிடைக்கும்.

ஆடி 12, ஞாயிறு. திதி

வண்டி போடவில்லை. வடை, பாயசம், பூசணிக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல். சின்னவனைப் படைக்கச் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்குப் பெரியவன் வந்து நின்றான், பெங்களூர் போகவில்லை. வேட்டி, தோளில் பை. சின்னவன் விலகிக்கொண்டான்.

பெரியவனே படைத்தான். கூப்பிட்ட முதல் குரலுக்கே காக்கா. போன வருஷம் சின்னவன் தொண்டை வற்றக் கத்தினான். அவங்கப்பாவுக்கு எப்பவும் பெரியவன்தான்.

அவனுக்கும் இலை போட்டேன். என் கையால் பரிமாறினேன். "உக்காருடா" என்றேன். எல்லோரும் கேட்டார்கள்.

"வேணாம்மா. நீ சொன்னது சொன்னதா இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தான், உள்ளே ஓடுற டிராயர். பையிலிருந்து பூட்ஸை எடுத்து மாட்டினான்.

"எங்கடா?"

"எழுபத்தஞ்சு ஓடணும்ல."

சந்து முனையில் நின்றால் ரோடு தெரியும். ரெண்டு தரம் பார்த்தேன். ஒரு தரம் ஒரகடம் பக்கம், ஒரு தரம் இந்தப் பக்கம். ஜோதி தண்ணி பாட்டிலோடு சின்னவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள்.

மணி நாலு. இன்னும் ஓடினு கீறான். பெரியவன் இலையை எடுக்கட்டுமா என்று சின்னவன் கேட்டான். தொடாதேன்னேன். பாயசம் ஏடு கட்டிடுச்சு.