கனசதுரம் வராத ஆகஸ்ட்

5 ஆகஸ்ட், திங்கள்
பன்னிரண்டாவது முறை. மறுபடியும் உருண்டை. எத்தனாலில் ஓடும் எரிபொருள் கலத்துக்கு என் பிளாட்டினம்–செம்புத் துகள் கனசதுரமாக வேண்டும். அதன் தட்டையான பக்கங்கள்தான் எத்தனாலை நன்றாக உடைக்கும். மே மாதம் வந்ததே, சீனிக்கட்டி மாதிரி! அதே மருந்து, அதே சூடு, அதே நேரம். இப்போது ஏன் வரமாட்டேன் என்கிறது?

8 ஆகஸ்ட், வியாழன்
என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் சண்முகரத்தினம் கூப்பிட்டார். "ஷிரீன், திரும்பச் செய்ய முடியலன்னா அது ரிசல்ட்டே இல்ல லா. மாசக் கடைசி வரைக்கும் பாரு. அப்புறம் டாபிக்க மாத்திடு."
மூன்று வருட உழைப்பைத் தூக்கி லொங்காங் சாக்கடையில் கொட்டச் சொல்கிறார். வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை ரயிலில் யாரையாவது அறையலாம் போலிருந்தது.

13 ஆகஸ்ட், செவ்வாய்
குடுவைகளை இரண்டு தடவை கழுவினேன். ஜூனிலிருந்து நானேதான் கழுவுகிறேன். அதற்கு முன் லேப் துப்புரவு மாரியாயி அக்கா. கறுப்புக் கறை போகவில்லை என்று பிளீச்சில் ஊறப்போட்டு, குழாய்த் தண்ணீரில் அலசிவைப்பார். "அக்கா, இது என்ன சட்டி பானையா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். புகாரும் எழுதினேன். அவரைக் கீழ்த்தளக் கழிப்பறைக்கு மாற்றிவிட்டார்கள்.
இன்றும் உருண்டை.

20 ஆகஸ்ட், செவ்வாய்
உருண்டை. யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

21 ஆகஸ்ட், புதன்
யா அல்லாஹ். மே மாதம் குடுவை கழுவியது யார்?
மருந்து மாறவில்லை. கழுவும் கை மாறியிருக்கிறது. பிளீச்சின் குளோரைடு கண்ணாடியில் மிச்சம் இருந்திருக்குமோ? அதுதான் துகளை உருண்டையாகவிடாமல் வைத்ததா?

26 ஆகஸ்ட், திங்கள்
குடுவையில் அளந்து துளி உப்பு போட்டேன்; அதிலும் இருப்பது குளோரைடுதானே. மூன்று முறையும் கனசதுரம். குதிக்க வேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு கேவலமாகக் கத்தினேன்!

27 ஆகஸ்ட், செவ்வாய்
கீழே போனேன். அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சிடுங்கக்கா. நீங்க கழுவுனதாலதான் வந்திருக்கு."
அக்கா நிமிரவே இல்லை. "எல்லாரு முன்னாலயும் கத்துன. இப்ப யாருமில்லாத எடத்துல வந்து சொல்றியாமா?"
மேலே வந்து, அடுத்த குழுக் கூட்டம் எப்போது என்று பார்த்தேன்.

29 ஆகஸ்ட், வியாழன்
குழுக் கூட்டம். அக்காவைக் கெஞ்சி மேலே அழைத்துவந்தேன். கனசதுரத் துகளின் படத்தைக் காட்டுமுன், அன்று கத்தியதையும் புகாரையும் குடுவையையும் பற்றிச் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன்.
அக்கா கேட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது தொட்டியோரம் நின்று, நான் கழுவிவைத்த குடுவை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இதுக்குப் பேரு கழுவுறதா?"