மடுல்சீமைப் பெயர்கள்

2024 ஜூலை 1, திங்கள்

ஒருவழியாக இணைந்துவிட்டது. பதுளையில் எங்கள் இரத்ததானச் சங்கக் கம்ப்யூட்டரில் உள்ள அக்சஸ் மென்பொருள், கொழும்பு சர்வரில் இருக்கும் கொடையாளர் பட்டியலை அப்படியே திறந்து காட்டியது. மூன்று நாளாகப் பாஸ்வேர்ட் பிழை, அது இது என்று ஒரே இழுபறி. செயலாளர் ஜஸீல் சேர், "ஷிஹானாவுக்குத் தெரியாதது இல்ல" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 2

பழகிப் பார்க்க, மடுல்சீமைத் தோட்டத்துப் பெயர்களை மட்டும் தெரிவு செய்து அழித்தேன். இங்கே இருப்பது நகல்தானே.

ஜூலை 3

நகல் இல்லை. இணைப்பு. இங்கே அழித்தால் சர்வரிலும் அழியும். இருநூற்றுப் பதினான்கு பேர் — ஒருவர்கூட இல்லை. பேக்கப் வசதிக்கு நாங்கள் பதியவே இல்லையாம். அவர்கள் நிரப்பிய படிவங்களையும், கம்ப்யூட்டரில் பதிந்த அன்றே கிழித்துவிட்டோம்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 4

ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகடிவ் வேண்டும். "மடுல்சீமையில ஆறு பேர் இருந்தாங்களே, யார் அழிச்சது?" என்றார் சேர், பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு.

என் வாய் என்ன சொன்னது? "சிவசக்திதான் கடைசியா பதிஞ்சா சேர்."

என்னோடு வேலை செய்பவள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து அந்தப் பெயர்களைச் சேர்த்தவளே அவள்தான். சேர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். வெளியே வந்து என்னிடமே கேட்டாள்: "தெரியாம என் கைதான் பட்டிருக்குமோ அக்கா?"

"இருக்கும்" என்றேன்.

ஹாலிஎலவிலிருந்து ஒருவர் ஓடி வந்து இரத்தம் கொடுத்தார். பெண் பிழைத்துக்கொண்டாள். நான்?

ஜூலை 5

தொழுகையில் மனம் நிற்கவில்லை. சீ, என்ன பொம்பளை நான்.

ஜூலை 8

சிவசக்தியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். அதை டைப் பண்ணச் சொன்னது என்னை. அவள் பெயரில் விரல் நின்றுவிட்டது.

"சேர், அழிச்சது நான்."

சேர் எழுந்து என் மேசைக்கு வந்தார். "நாலு நாளா அந்தப் பிள்ளை முகத்தப் பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

கதவருகே நின்று சக்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 14, ஞாயிறு

சக்தியை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அழிந்த பெயர்களைத் திரும்பச் சேர்க்கக் கிளம்பியவளிடம், மடுல்சீமைக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை அவள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் லயத்தில் ஜெயலெட்சுமி என்ற அம்மா அவளைக் கேட்டார்: "ஏம்மா, போன வருசந்தானே எழுதிட்டுப் போன?"

"நான்தாங்க அழிச்சிட்டேன்" என்றேன். "இவ மேல பிழை இல்ல."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெஞ்சை எடுத்து வந்து போட்டார்.

மலைக்காற்று விடாமல் அடித்தது. சக்தி எழுதினாள். தாள் பறக்காமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது பேர்.